உப்புக்காற்றில் இரும்பு: எண்ணெயா, மெழுகா, மூடிய பெட்டியா?

அப்பா விட்டுச் சென்ற பத்து உளிகளை நானும் அண்ணனும் ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டோம். எல்லாமே ஒரே கொல்லர் அடித்தவை. ஒரே வயது, ஒரே மாதிரிப் பூவரசம் பிடி. அண்ணன் வீடு குலசேகரத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே. என் வீடு ராஜாக்கமங்கலம் பக்கம், கடற்கரைக்கு நடந்தே பத்து நிமிடத்தில் போய்விடலாம். அப்பா செய்தபடியே இரண்டு பேரும் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தோம். ஆனியும் ஆடியும் கழிந்து நான் பிரித்துப் பார்த்தபோது ஐந்து உளியிலும் செம்பழுப்புப் புள்ளிகள். ஒன்றில் வெட்டுவாயே அரித்துப் போயிருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆகலியே தம்பி, லேசா மங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

குலசேகரத்தில் பெய்யும் மழை எங்கள் பக்கத்தைவிட அதிகம். மழைதான் காரணம் என்றால் அவருடைய உளிகள் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. அதன்பிறகு எண்ணெய், கிரீஸ், மெழுகு, சிலிக்கா ஜெல் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவின் லைசன்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்துப் பேணும் வேலைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரும்புச் சாமான் வைத்திருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் உப்பு

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான இரும்பு பெரிதாகத் துருப்பிடிப்பதில்லை. அதற்கு மேலே போனால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று அதன்மேல் படிகிறது. குலசேகரத்தில் நடப்பது இவ்வளவுதான். எண்ணெய் இருந்தால் சமாளித்துவிடலாம்.

கடலோரத்தில் உப்பு சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் வெயில் கொளுத்தும் நாளில்கூடக் காற்று அவ்வளவு வறண்டு போவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து உளிமேல் உட்கார்ந்தால், அந்த இடம் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும். புத்தளத்து உப்பளத்தை ஒரு பொட்டு அளவுக்குச் சுருக்கி நம் உளிமேல் வைத்த மாதிரி.

இன்னொன்று. உப்பிலுள்ள குளோரைடு மேலோட்டமாக அரித்துவிட்டுப் போவதில்லை. துருவுக்கு அடியில் இறங்கிக் குழி தோண்டும். மேலே இருக்கும் துருவை எமரித்தாளால் தேய்த்து எடுத்தாலும் குழிக்குள் உப்பு மிச்சம் இருக்கும். அதன்மேல் எண்ணெய் பூசினால் என்ன ஆகும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "மக்கா, உப்பைக் கழுவாம எண்ணெய் போட்டா அது ஊறுகாய் போடுற மாதிரிதான். உள்ள இருக்குறது பத்திரமா இருக்கும்" என்றார்.

என் தவறு அங்கேதான். நான் எண்ணெய் போட்டேன், கழுவவில்லை. எனவே எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். இரும்புப் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வெந்நீர் என்றால் இன்னும் நல்லது. உப்பும் நன்றாகக் கரையும், சூடேறிய இரும்பு தானாகவே சீக்கிரம் உலர்ந்தும் விடும். மரப்பிடியை நனைக்காமல் அலகை மட்டும் பிடித்துக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, கால் மணி நேரம் வெயிலில் காட்டி, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே பூச்சைத் தடவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில் குடிதண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கை வியர்வையும் உப்புத்தான் என்பதால், கழுவிய பிறகு வெறும் விரலால் அலகைத் தொடாமல் துணியால் பிடிப்பது நல்லது.

காற்று சுமந்து வரும் உப்பில் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடுகிறது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கரையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கும், நாகர்கோவில், தக்கலைக்காரர்களுக்கும், மலையோரத்துக்காரர்களுக்கும் ஒரே யோசனை பொருந்தாது. ஊருக்குள் ஒருவருக்குச் சரிப்பட்டது கரையில் இருப்பவருக்குச் சரிப்படாமல் போவதற்கு இதுதான் காரணம். யாராவது "இந்த எண்ணெய் அருமை" என்று சொன்னால், உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று நான் முதலில் கேட்டுக்கொள்வேன்.

பூசும் பொருள்கள்

தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் கையில் எடுக்கும் சாமானுக்கு அது நல்லது. அருவாமனை, தேங்காய் துருவி, ரப்பர் பால்வெட்டுக் கத்தி இவற்றுக்கெல்லாம் அதுவே போதும். பால்வெட்டுபவர் விடியற்காலையில் கத்தியைத் தீட்டி, வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடுகிறார். மறுநாளும் அதையே செய்கிறார். துரு நுழைய நேரமே கிடைப்பதில்லை. உணவு படும் கத்திக்கு வேறு எந்த எண்ணெயும் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் வைத்துவிட்டுப் போகும் சாமானுக்கு அது ஆகாது. நாள்பட்டால் சிக்கு வாடை வருகிறதல்லவா, அப்போது அதற்குள் கொழுப்பு அமிலங்கள் உருவாகியிருக்கும். எண்ணெய் பட்ட பித்தளையில் பச்சை படிய வைப்பது இந்த அமிலம்தான். இரும்புக்கும் அது நல்லதில்லை. நல்லெண்ணெய் இன்னொரு விதத்தில் தொல்லை. மெல்ல மெல்லப் பிசினாக இறுகும். கத்திரிக்கோல், பூட்டு மாதிரி அசையும் பகுதி உள்ளவற்றில் போட்டால் பிறகு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் அழுக்கை எடுக்க நல்லவை. பாதுகாக்க ஆகாது. மண்ணெண்ணெய் ஆவியாகிப் போன பிறகு மேலே ஒன்றும் தங்குவதில்லை. துடைத்துவிட்டு அப்படியே வைத்தால், முன்பு இருந்த எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் கழிவு எஞ்சின் ஆயிலை மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் பூசுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எரிபொருள் எரிந்ததில் உண்டான அமிலமும் நீரும் அதில் கலந்திருக்கும். தோலுக்கும் அது கெடுதல். கறுப்பாகப் பிடித்துக்கொள்வதால் உள்ளே துரு இருப்பதும் தெரியாது.

தையல் மெஷின் எண்ணெய் கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. சிக்கு வாடை வராது, பிசினாக இறுகாது. அசையும் பாகங்களுக்கு இதைவிட எளிதாகக் கிடைப்பது வேறில்லை. குறை என்னவென்றால் மிக மெல்லியது, நிற்க வைத்தால் வழிந்து கீழே இறங்கிவிடும். என் வீட்டில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் தாங்கியது.

டபிள்யூ டி 40 ஸ்ப்ரே பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 1953ல் அமெரிக்காவில் ஒரு சிறு ரசாயன நிறுவனம் ராக்கெட் துறைக்காகச் செய்த கலவை அது. பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: டபிள்யூ டி என்றால் வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், நீரை வெளியேற்றுவது. 40வது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். மழையில் நனைந்த ட்ரில்லிங் மெஷினையோ ஸ்பேனர் செட்டையோ உடனே காப்பாற்ற அது நல்ல ஆயுதம். கழுவிய பிறகு இடுக்குகளில் நிற்கும் நீரை விரட்டவும் நான் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் அதை அடித்துவிட்டு ஆறு மாதம் வெளிநாடு போய்விட்டு வரலாம் என்று நம்பாதீர்கள். நம் பக்கத்தில் வளைகுடாவில் வேலை செய்பவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். விடுமுறை முடிந்து கிளம்பும் அன்று அவசரமாக ஸ்ப்ரே அடித்துப் பெட்டியை மூடுகிறார்கள். அடுத்த விடுமுறையில் திறந்தால் ஸ்பேனர் எல்லாம் சிவந்து கிடக்கும்.

அப்படி நீண்ட நாள் வைப்பவர்களுக்கு கிரீஸ்தான் சரி. அழகாக இருக்காது, கை பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். ஆனாலும் கெட்டியான படலம், வழிந்து போகாது, உப்பு கீழே இறங்க விடாது. கடப்பாரை, கோடாரி அலகு, மண்வெட்டி, தச்சு வைஸ், லேத் படுகை எதுவானாலும் ஒரு தடவை தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளோ மெழுகுத்தாளோ சுற்றி வைத்தால் ஓராண்டு கவலையில்லை. துணியில் மட்டும் சுற்றாதீர்கள். துணி கிரீஸை உறிஞ்சிக்கொண்டு, பதிலுக்கு ஈரத்தைக் கொடுக்கும். சின்னச் சாமானுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சாதா வாசலினே போதும். வாசனை சேர்த்த அழகு கிரீம் வேண்டாம், அதில் தண்ணீர் உண்டு.

இப்போது என் மனதுக்குப் பிடித்ததற்கு வருகிறேன். தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேன் வளர்ப்பவர்களிடம் சொல்லி வைத்தால் நல்ல மெழுகு கிடைக்கும். இவ்வளவு அருகில் இருந்தும் நாம் அதைப் பெரும்பாலும் மெழுகுவர்த்திக்கும் மருந்துக்கும் மட்டும்தான் நினைக்கிறோம். தனி மெழுகு கெட்டி, 62 டிகிரி சூட்டுக்கு மேல்தான் உருகும், இரும்பில் தடவ வராது. அதனால் ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு லிக்விட் பாராஃபின் எடை போட்டுச் சேர்க்கிறேன். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கனிம எண்ணெய் என்பதால் கெட்டுப் போகாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் டப்பாவை நிறுத்தி உருக்க வேண்டும். நேரே அடுப்புத் தீயில் வைக்கவே கூடாது, மெழுகு தீப்பிடிக்கும். ஆறினால் களிம்பு மாதிரி வரும்.

சூடான உளியில் இதைத் துணியால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் மெருகேற்றினால் தொட்டாலும் ஒட்டாத படலம் நிற்கும். விரல்ரேகை படியாது. இழைப்புளியின் அடிப்பாகத்தில் பூசினால் மரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், மரத்தில் எண்ணெய்க் கறையும் விழாது. வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சாமானுக்கு இதைவிட நல்ல பூச்சை நான் கண்டதில்லை. எண்ணெய் வழிந்து போகிறது, கிரீஸ் கையைக் கெடுக்கிறது, மெழுகில் இரண்டு தொல்லையும் இல்லை. அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பூசும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகும் இதே தத்துவம்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான ரெனைசான்ஸ் வாக்ஸ் அந்த வகை. அதில் அமிலம் இல்லை. தேன்மெழுகில் கொஞ்சம் உண்டு. பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம். வேலைச் சாமானுக்கு நம் ஊர் மெழுகே போதும்.

மெழுகின் பலவீனம் கடலோரத்தில்தான் தெரிந்தது. படலம் மெல்லியது என்பதால் சிறு கீறல் விழுந்தாலும் அந்த வழியே உப்பு இறங்கும். குலசேகரத்தில் மெழுகு மட்டும் பூசி மேசைமேல் வைத்த உளி ஒரு பருவம் முழுவதும் சும்மா இருந்தது. என் வீட்டில் அதே மெழுகுக்கு மூடிய பெட்டியும் தேவைப்பட்டது.

காற்றை அடைத்து வைப்பது

பூச்சுக்குப் பதிலாக, அல்லது பூச்சோடு சேர்த்து, இரும்பைச் சுற்றியிருக்கும் காற்றையே மாற்றலாம். இதற்கு மூன்று வழி இருக்கிறது: உலர்த்துவது, சூடாக்குவது, ரசாயன ஆவியால் நிரப்புவது.

உலர்த்த சிலிக்கா ஜெல். இதில் எல்லாரும் செய்யும் தவறு, செருப்புப் பெட்டியில் வரும் இரண்டு சிறு பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில், 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் என்றால், நீராவி ஏறக்குறைய 1.3 கிராம்தான். அதற்கு அந்தப் பொட்டலமே கிட்டத்தட்டப் போதும். ஆனால் ஈரம் காற்றில் மட்டுமா இருக்கிறது? 200 கிராம் எடையுள்ள ஒரு மரப்பிடி, அந்த ஈரப்பதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு இறங்கும்போது 14 கிராம் அளவுக்கு நீரை வெளியே விடும். பெட்டிக் காற்று மொத்தத்திலும் இருப்பதைப் போலப் பத்து மடங்கு, ஒரே பிடியில். ஐந்து சாமான் இருந்தால் 70 கிராம். அந்த வறட்சியில் சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு நீரைத்தான் தாங்கும். ஆகவே மரப்பிடிச் சாமான்கள் உள்ள அந்தப் பெட்டிக்குக் குறைந்தது 280 கிராம், கொஞ்சம் கூடுதலாகவே வைத்து அரைக் கிலோ வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் என் முதல் பெட்டி ஏன் தோற்றது என்று புரிந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புது ஈரம் உள்ளே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மூடியில் ரப்பர் வளையம் இருந்து இறுக்கமாக அடைய வேண்டும். சாதாரண டிரங்குப் பெட்டியில் ஜெல் போடுவது ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்த முயல்வதற்குச் சமம், இரண்டே நாளில் நிரம்பிவிடும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். 120 டிகிரி அளவில் சில மணி நேரம் ஓவனில் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நல்ல வெயிலில் காயவைத்தால் போதாதா என்று அண்ணன் கேட்டார். நம் காற்றில் போதாது, வெயிலில் கிடக்கும்போதே ஈரத்தை இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை. அலமாரி ஈரத்துக்கென்று கடைகளில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அது நீரை இழுத்து உப்புக் கரைசலாக அடியில் தேங்கும். டப்பா ஒருமுறை கவிழ்ந்தால் கடல்தண்ணீரை ஊற்றியதைவிட மோசம். அரிசி, கல்லுப்பு, கரித்துண்டு போட்டு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அரிசி வீண். உப்பு என்ன செய்யும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். கரியும் பெரிதாக உதவாது.

சூடாக்கும் வழியை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். விறகடுப்புக்கு மேலே பரணில் அரிவாளும் கோடாரியும் தொங்கும். எண்ணெயே போடாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அடுப்புச் சூடு சுற்றியிருக்கும் காற்றை எப்போதும் ஒரு படி உலர்வாக வைத்திருந்தது. 30 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை வெறும் 5 டிகிரி கூட்டினால் அது 64 சதவீதமாக இறங்கிவிடும், ஒரு சொட்டு நீரையும் எடுக்காமலே. கேஸ் அடுப்பு வந்த பிறகு இது மாறிவிட்டது. கேஸ் எரிந்தால் நீராவியும் உண்டாகும், நாமும் அடுக்களையில் வேகவைத்துக்கொண்டே இருக்கிறோம். கேஸ் அடுப்புக்கு மேலே இரும்பைத் தொங்கவிடுவதில் பயனில்லை.

இன்றைக்கு அதற்கு மாற்று, பூட்டிய அலமாரிக்குள் வைக்கும் குறைந்த வாட் ஹீட்டர் கம்பி. ஜெல்லை மாற்றும் தொல்லை இல்லை. அடிக்கடி திறக்கும் அலமாரிக்கு நல்ல வழி. பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டு அதே வேலையைச் செய்பவர்கள் உண்டு. துணி, மரம், எண்ணெய்ப் பசை எல்லாம் உள்ளே இருக்கும்போது அது தீ விபத்துக்கு வழி, வேண்டாம். இரண்டாவது காரணமும் உண்டு, என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரிது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இரும்புக்குக் காவல் மிகவும் தேவைப்படும் வாரம் அதுதான். மின்சாரத்தை மட்டும் நம்பிய அலமாரி அந்த வாரத்தில் குளிர்ந்த இரும்புப் பெட்டியாகிவிடும். எனவே ஹீட்டர் வைத்தாலும் பூச்சையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வி.சி.ஐ. தாள் என்பது துருவைத் தடுக்கும் ரசாயனம் ஏற்றிய காகிதம். புது பேரிங், புது ரம்ப அலகு இவற்றைச் சுற்றி வரும் மெழுகுக் காகிதம் மாதிரித் தாள் பெரும்பாலும் அதுதான். அதிலிருந்து கிளம்பும் ஆவி மூடிய இடத்தை நிரப்பி, எண்ணெய் எட்டாத இடுக்கிலும் இரும்பின்மேல் படியும். இதன் அருமையே அந்த இடுக்குகள்தான்: ட்ரில் சக் உள்பக்கம், அளவுகோல் வெர்னியரின் பள்ளம், திருகாணி மரை. மூடிய உறைக்குள் ஓராண்டு, இரண்டாண்டு தாங்கும், திறந்து வைத்தால் சில வாரத்தில் தீர்ந்துவிடும். பித்தளை, செம்பு கலந்த சாமானுக்கு எல்லா உலோகத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். நான் அளவு பார்க்கும் கருவிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

துப்பாக்கி தனிக் கதை

துப்பாக்கியில் கழுவுவது, பூசுவது, அடைப்பது மூன்றும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யும். சட்டப்படி அதைப் பூட்டிப் பத்திரமாக வைத்தாக வேண்டும். பூட்டிய இடம் காற்றோட்டம் இல்லாத இடம். அதோடு உள்ளே கனிம எண்ணெய் வேண்டும், வெளியே கை படாத பூச்சு வேண்டும், மரக்கட்டையில் எண்ணெய் ஊறக் கூடாது.

தேர்தல் வந்தால் லைசன்ஸ்தாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்து பெரியப்பா திரும்ப வாங்கி வந்தார். உறையைக் கழற்றியதும் இரண்டு குழலிலும் நீளவாக்கில் துரு ஓடியிருந்தது. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்து துடைத்தார். ஒப்படைத்த இடத்தில் மழைத் தண்ணீர் ஏதும் படவில்லை. உறைதான் காரணம். உள்ளே பஞ்சு வைத்த ரெக்ஸின் உறை, ஈரத்தைக் குடித்து அதைக் குழலோடு ஒட்டி வைத்திருந்தது. தோல் உறையும் அப்படியே, பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். எடுத்துச் செல்ல மட்டும்தான் உறை. அடுத்த தேர்தலில் மெழுகு பூசி, வி.சி.ஐ. தாளில் சுற்றி, அதன்மேல் உறை போட்டுக் கொடுத்தார். சுத்தமாகத் திரும்பி வந்தது.

கறுநீலமாகப் பளபளக்கும் குழலைப் பார்த்து அது துருவைத் தடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ப்ளூயிங்கும் இரும்பின் ஓர் ஆக்சைடுதான். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும், தனியாக நின்று காக்காது.

பெரியப்பாவின் முறை இது. முதலில் குழலைத் திறந்து இரண்டிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பார், ஒவ்வொரு முறையும், ஐந்து நிமிடத்துக்கு முன்பு பார்த்திருந்தாலும். பிறகு ராடில் துணி கட்டிக் குழலுக்குள் ஓட்டுவார். பட்டாளத்துப் பழக்கத்தில் அதைப் புல்த்ரூ என்றும் துணியைச் சிந்தி என்றும்தான் சொல்வார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை ஓட்டிவிட்டு, மெல்லிய கனிம எண்ணெய் ஒரு பூச்சு. அசையும் பகுதிகளுக்குச் சொட்டு அளவு. குழலுக்கு வெளியே மெழுகு. மெழுகும் கிரீஸும் குழலுக்குள் போகவே கூடாது. எண்ணெயைக்கூட, சுடுவதற்கு முன்பு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். குழலுக்குள் எது அடைத்திருந்தாலும் அழுத்தம் கூடி ஆபத்தாகும். கடலோரத்தில் நின்றுவிட்டு வந்த துப்பாக்கியின் மேல்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, உலர்த்தி, அப்புறம்தான் மெழுகு. கரிமருந்து வெடித்த குழல் என்றால் அதன் எச்சம் ஈரத்தை இழுக்கும் உப்பு. அது எண்ணெயில் கரையாது, குழலைக் கழற்றி வெந்நீரில் கழுவியே ஆக வேண்டும்.

நிற்க வைக்கும்போது வாய் கீழே இருக்கும்படி அவர் வைப்பதைப் பார்த்து முதலில் ஆச்சரியப்பட்டேன். எண்ணெய் கீழே இறங்கினால் மரக்கட்டைக்குள் போகாமல் வாய் வழியே வெளியேறும், மரம் மெத்தென்று ஆகாது. தோட்டாக்கள் வேறு இடத்தில், வேறு பூட்டில். அவற்றின்மேல் ஸ்ப்ரே எண்ணெய் படவே கூடாது, உள்ளே ஊடுருவிப் பற்றுமருந்தைச் செத்துப்போகச் செய்யும்.

பூட்டிய அலமாரிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? அவர் வீடு அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில்தான், உப்பு இல்லை. அங்கே ஜெல் அரைக் கிலோவும் மாதம் ஒருமுறை துடைப்பதும் போதும் என்று முடிவு செய்தோம். இதே துப்பாக்கி என் வீட்டில் இருந்தால் ஹீட்டரும் ஜெல்லும் இரண்டும் வைப்பேன், பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறப்பேன்.

எது யாருக்கு

கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் நீண்ட நாள் வைக்கும் சாமானுக்குக் கழுவி, கிரீஸ் பூசி, பிளாஸ்டிக்கில் சுற்றி, ரப்பர் வளையம் உள்ள பெட்டியில் ஜெல்லோடு வையுங்கள். அவ்வப்போது எடுக்கும் உளி, இழைப்புளிக்கு மெழுகும் அதே பெட்டியும். இதில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் ஜெல்லைக் குறையுங்கள், கழுவுவதைக் குறைக்காதீர்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மாதிரி உள்ளே தள்ளியிருப்பவருக்கு மெழுகு மட்டும் பூசி மூடிய இழுப்பறையில் வைத்தாலே போதும். மலையோரத்துக்காரர் ரப்பர் வளையப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம், சாதாரணப் பெட்டியே போதும். அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் இரவு குளிர்ந்த இரும்பு காலையில் வியர்க்கும். பெட்டியைத் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் சுவரோரம் வைத்தால் அது குறைந்துவிடும். எங்கே இருந்தாலும் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் நேரே வைக்காதீர்கள், அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள்.

வேலைக்கு ஆளை விட்டிருக்கும் தோட்டத்தில் மண்வெட்டிக்கு மெழுகு பூசச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. அதற்கு ஒரு வாளி மணல், அதில் நனையும் அளவுக்குக் கனிம எண்ணெய். வேலை முடிந்து மண்ணைக் கழுவிவிட்டு நாலு முறை குத்தி எடுத்தால் போதும். மணல் ஆற்றுமணலாக இருக்கட்டும். கடல் மணல் எடுத்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

குழி விழுந்த அந்த ஒரு உளியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வெந்நீரில் மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி ஊறப்போட்டு, எமரியில் தேய்த்து, சாணைக்கல்லில் வெட்டுவாயைப் பின்னுக்குத் தள்ளித் தீட்டினேன். அரை அங்குலம் குறைந்துவிட்டது. நான்கு குழிகள் போகவில்லை, அவற்றில் மெழுகை விரலால் அழுத்தி நிரப்பியிருக்கிறேன். இரண்டு ஆடி கடந்தும் புதிதாக ஒன்றும் வரவில்லை.